கறுப்புத் திரையில் மட்டும் இருந்தவர்

எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சு மேடம், நாங்க எதையும் தொடல." தொட்டிருப்பார்கள். தொடாமல் எதுவும் கெடுவதில்லை. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் காபிக் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பெயர் மதிவதனி. கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு. அது பொய் என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை.

அன்று காலை கோதண்டராமன் சார் கூப்பிட்டபோதும் அதே பல்லவிதான். அவர் தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடைக்கு மேல்மாடியில் 'அருணைத் துணை' என்று ஒரு சேவை மையமும் நடத்துகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையை விட்டுவிட்டால் போச்சு. அப்படித் தொலைந்தவர்களையும் தேடுகிறவர்களையும் சேர்த்து வைப்பதுதான் மையத்தின் வேலை. அவர்களுடைய வெப்சைட் நான் செய்ததில்லை, சில்லறைக் கோளாறு என்றால் போய்ப் பார்த்துக் கொடுப்பேன்.

"இன்னா ஆச்சு சார்?"

"ஆபீஸ்ல அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல தட்டுனா ஆள் வராரு மேடம். ஜனங்க போன்ல பேஜைத் தொறந்து அதே பேரைப் போட்டா இல்லன்னுது. ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்."

எரிச்சலாக இருந்தாலும் கிளம்பினேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஓடுகிற புரோகிராம், போனில் பக்கத்தைத் திறப்பவர்களுக்குப் பதில் தருகிற வெப் சர்வர் வழியாகக் கேட்டால் ஓடாமல் போவது எங்கள் தொழிலில் பழைய தலைவலி. காரணம் எப்போதும் அற்பமாக இருக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சவுக்குக் கட்டை இறக்கித் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியைப் பெரிய தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டியிருந்தது.

மாடியில் அந்த அம்மா மகளோடு உட்கார்ந்திருந்தார். பெயர் தனம், கீழ்பென்னாத்தூர். மகள் பூஜா கல்லூரியில் படிக்கிற பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் குழம்பிவிட்டேன். அங்கே வருகிற யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"கெடைச்சுட்டாரு பாப்பா," என்றார், நான் யார் என்றே தெரியாமல். "எங்க வூட்டுக்காரரு கெடைச்சுட்டாரு."

நடந்தது இதுதான். தனத்தின் கணவர் பரசுராமனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கால் ஒன்று இழுக்கும். பேச்சு போய்விட்டது. தன் பெயரையும் மனைவி பெயரையும் மட்டும் சொல்வார், வேறொன்றும் வாயில் வராது. ஆனால் சொல்வதெல்லாம் புரியும், பேப்பர் படிப்பார், எழுதத்தான் கை வராது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு, கொஞ்ச தூரமாவது நடந்தால் அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று தனம்தான் அவரைக் கூட்டி வந்திருக்கிறார். வழியில் ஒரு கடை ஓரமாக அவரை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனவரைக் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"திரும்பிப் போய்ப் பார்க்கலையாம்மா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மலையைச் சுத்தறப்ப எதிர்ல நடக்கலாமா பாப்பா? நம்ம ரத்தத்துல அது பாவம்னுதான ஊறியிருக்கு. அதுவுமில்லாம எதிர்ல ஒரு அடி எடுத்து வெக்க வுடல ஜனம். அப்படியே சுத்தி வந்து புடிச்சுக்கலாம்னு ஓட்டமும் நடையுமா முழு மலையும் சுத்தி வந்தேன். வந்து பார்த்தா கடையத் தவிர ஒண்ணும் இல்ல."

மறுநாளே இந்த மாடிக்கு வந்து பதிவு செய்திருக்கிறார். இங்கே வேலை செய்யும் கண்ணாயிரம் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "எங்கயாவது ஆள் வந்து சேர்ந்தா இந்த பேஜ்ல வந்துடும்மா, தெனம் பேரைப் போட்டுப் பாருங்க" என்று அனுப்பியிருக்கிறார். ஊரில் இருக்கும் இல்லங்கள், உதவிக் கூடங்கள் எல்லாம் தங்களிடம் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி இங்கே போனில் சொல்வார்கள். அதையும் இங்கேயேதான் ஏற்றுவார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

பூஜா தினமும் பார்த்திருக்கிறாள். பக்கம் தினமும் இல்லை என்றிருக்கிறது. இன்று தனம் மனசு கேட்காமல் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார். கண்ணாயிரம், ஆறுதலுக்காகத்தான், கறுப்புத் திரையில் பெயரைத் தட்டியிருக்கிறார். பரசுராமன் வந்துவிட்டார். பெயர் தவிர எதுவும் சொல்லத் தெரியாதவர், வலது கால் இழுப்பு, வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பௌர்ணமிக்கு இரண்டொரு நாளிலேயே இல்லத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அன்று கண்ணாயிரம் லீவு. கடைப் பையன்களில் ஒருவர் வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

இல்லத்துக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாயிரம் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார். கூடவே வருகிறேன் என்று தனம் நின்றிருக்கிறார். கால் இழுக்கிறவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வர இடம் வேண்டாமா என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே எங்களுக்குக் காத்திருக்கும் வேலை. எனக்கு மட்டும் கூடுதலாகக் கம்ப்யூட்டர்.

தனம் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். திரையில் எழுத்து ஓட ஓட, அதற்குள்ளிருந்து கணவர் எழுந்து வந்துவிடுவார் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பேஜை நீங்க டெஸ்ட் பண்றதே இல்லையா?" என்றேன்.

கோதண்டராமன் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெனம் பண்றேன் மேடம். காலைல சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுனதும் மொத வேலை அதான். ராஜான்னு ஒரு பேரு போட்டு வெச்சிருக்கோம். அதைத் தேடுவேன். ஒரு நாள் கூட வராம இருந்ததில்ல."

போட்டுக் காட்டினார். ஆங்கில எழுத்தில் ராஜா. வந்தது. நான் தமிழில் பரசுராமன் என்று போட்டேன். பக்கம் மிகவும் மரியாதையாகச் சொன்னது: 'இந்தப் பெயரில் எவரும் இல்லை. அண்ணாமலையார் அருளால் விரைவில் நல்ல செய்தி வரும்.'

அதே புரோகிராமைக் கறுப்புத் திரையில் ஓட்டினேன். பரசுராமன், வேட்டவலம் ரோடு.

வழக்கமான இடங்களில் எல்லாம் தேடினேன். சர்வருக்கு அந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இருக்கிறதா? இருந்தது. சரியான இடத்தில் போய்த் தேடுகிறதா? தேடியது. பிழை ஏற்பட்டால் சர்வர் எழுதி வைக்கிற இடத்தில் பார்த்தேன். துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. இதுதான் என்னைப் பைத்தியமாக்கும். தப்பு நடந்தால் தப்பு என்று சொல்லாமல், எல்லாம் நலம் என்று சிரிக்கிற மனிதர்களையே எனக்குப் பிடிக்காது. மெஷினில் அந்தக் குணம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். கடைசியில் இருந்தது. உள்ளே என்ன கோளாறு நடந்தாலும் சரி, அதை விழுங்கிவிட்டு 'எவரும் இல்லை' என்ற அந்த வாக்கியத்தைக் காட்டு என்று எழுதியிருந்தது.

"இதை யாரு எழுதுனது சார்?"

"அருண்பிரசாத்துனு ஒரு தம்பி. இப்ப பெங்களூர்ல இருக்காப்ல. அந்த வாக்கியம் மட்டும் நான் சொன்னது மேடம்." அவர் குரலில் பெருமை இருந்தது. "ஆரம்பத்துல எதுனா ஆச்சுன்னா செவப்பா எர்ரர் எர்ரர்னு வரும். ஆளைத் தொலைச்சுட்டு வர்றவங்க கண்ணுல அது பட்டா அபசகுனமா இருக்காதா? நல்ல வார்த்தையா நாலு வார்த்தை போடுப்பான்னேன்."

நல்ல வார்த்தையை எடுத்துவிட்டுச் சர்வர் வழியாக மறுபடி ஓட்டினேன். சிவப்பாக வந்தது. படித்ததும் புரிந்துவிட்டது. சர்வர் ஓட்டும்போது அந்தப் புரோகிராமுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. முதல் எழுத்திலேயே முறிந்து விழுகிறது. ஆங்கிலத்தில் ராஜா வருவார். தமிழில் எழுதப்பட்ட ஒருவரும் வரமாட்டார்.

"அப்ப கண்ணாயிரம் தட்டுனப்ப மட்டும் எப்படிம்மா வந்துச்சு?" என்று தனம் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

"அவரு தட்டுனா அது அவரு பேருல ஓடுதும்மா. அவருக்குன்னு செட்டிங் எல்லாம் பண்ணி வெச்சிருக்கு, தமிழும் சேர்த்து. வெளிய இருந்து போன்ல கேட்டா, சர்வர் தன் பேருல அதே வேலையைப் பண்ணுது. அதுக்குத் தமிழ்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லி வெக்கல."

"முன்ன எல்லாம் வந்துச்சே மேடம்," என்றார் கோதண்டராமன் சார். "ஆவணிப் பௌர்ணமிக்குத் தொலைஞ்ச பொண்ணு ஒண்ணு இந்த பேஜைப் பார்த்துதான் கெடைச்சுது. தமிழ்ப் பேருதான்."

"நடுவுல எதையாவது தொட்டீங்களா?"

"எதையும் தொடல மேடம்."

நான் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. "ஆயுத பூஜைக்கு?" என்றேன்.

"பூஜை போட்டோம். அது வருஷா வருஷம் போடறதுதான். இந்த வருஷம் முறைப்படி பண்ணணும்னு முழுசா ஆஃப் பண்ணி வெச்சோம். கடைத் தராசுலேருந்து எல்லாத்துக்கும் அன்னிக்கு ஓய்வு குடுக்கறோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? இன்வெர்ட்டர் இருக்கறதால வாங்குன நாளா அணைச்சதே இல்ல. படுக்க வெச்சு, பொட்டு வெச்சு, பொரிகடலை படைச்சு, மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஆன் பண்ணோம். சர்வர் எழுந்திருக்கல. பக்கத்துல கம்ப்யூட்டர் கடை மணி வந்து, இனிமே மெஷின் ஆன் ஆனா சர்வர் தானா எழுந்துக்கற மாதிரி பண்ணிக் குடுத்தாரு. நல்லதுதான பண்ணாரு?"

நல்லதுதான் பண்ணினார். எல்லாரும் நல்லதுதான் பண்ணியிருக்கிறார்கள். அருண்பிரசாத் என்றைக்கோ தன் பெயரில் உள்ளே நுழைந்து கையால் கிளப்பிவிட்ட சர்வர் அது. அதனால் அவன் செட்டிங், அவன் தமிழ் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. பூஜைக்கு அணைத்ததும் அது போனது. மறுநாள் தானாக எழுந்தது ஒன்றும் தெரியாத சர்வர். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்துக்குள் பௌர்ணமி வந்தது. அந்த ஒரு வாரத்தில் பக்கம் உள்ளுக்குள் செத்துப்போய், வெளியே நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் கூட அதை அறியவில்லை.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தனம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வுடு பாப்பா. அதான் கெடைச்சுட்டாரே. நீ வேலையைப் பாரு. இன்னொருத்தருக்கு இப்படி ஆவக் கூடாது."

வாயை மூடிக்கொண்டு, சர்வருக்கும் தமிழ் தெரியட்டும் என்று ஒரு வரி எழுதினேன். ஒரே வரிதான். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். "போட்டுப் பாரும்மா" என்று பூஜாவிடம் சொன்னேன். அவள் போனில் பெயரைப் போட்டாள். "வருதும்மா! அப்பா பேரு வருது!" என்று கத்தினாள். தனம் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வேலையில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததே இல்லை. கொஞ்ச நேரம்தான் என்றாலும் அது சந்தோஷம்தான்.

அப்போது கோதண்டராமன் சாரின் போன் அடித்தது. கண்ணாயிரம். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார் சார்.

"சார், இல்லத்துலதான் இருக்கேன். இங்க பார்த்துக்கற பச்சையம்மாள் அக்கா பேசறாங்க, கேளுங்க." அவர் குரல் சரியில்லை.

"வணக்கங்க," என்றது ஒரு பெண் குரல். "நம்ம பரசுராமன் ஐயாவோட வூட்டுக்காரம்மாவா வந்திருக்காங்க?"

"நான்தாங்க. தனம். அவரு நல்லா இருக்காரா? சாப்ட்டாரா?"



"தனம்னா நீங்கதானாம்மா," என்றார் பச்சையம்மாள். "அதையேதான் சொல்லிட்டிருப்பாரு. தனம் எங்க இருக்காங்க, எந்தத் தெருன்னு கேட்டா கையக் காட்டுவாரு. எங்களுக்குப் புரியல. நல்லா வெச்சிருந்தோம்மா. சோறு ஒரு வேளை கூட வேணாம்னு சொன்னதில்ல. ஆனா இப்ப அவரு இங்க இல்லம்மா. பத்து நாளைக்கு மேல ஆவுது."

"எங்க அனுப்பிட்டீங்க?"

"நாங்க அனுப்பலம்மா. அவராதான் போய்ட்டாரு. எல்லாரும் காலைல டீ குடிக்கற நேரத்துல கேட்டைத் தொறந்துட்டு போயிருக்காரு. சுத்துவட்டாரம் பூரா தேடுனோம். ஸ்டேஷன்ல சொன்னோம்."

"எங்ககிட்ட சொல்லலையேம்மா," என்று கோதண்டராமன் சார் குறுக்கிட்டார்.

"தேடி வர்றவங்களே இல்லையே சார், யாருக்குச் சொல்றதுன்னு வுட்டுட்டோம். தெனம் காலைல உங்க பேஜைத்தான் பார்ப்பேன். இவரைத் தேடி யாரு எழுதியிருக்காங்கன்னு பார்க்க ஒரு எடம் இருக்குதே, அதுல. ஐயா வந்து பக்கத்துல உக்காந்துக்குவாரு. அவரே படிப்பாரு சார். 'இவரைத் தேடி எவரும் பதிவு செய்யவில்லை'ன்னு வரும். நாளைக்குப் பார்க்கலாம் ஐயான்னு சொல்வேன். தலையாட்டுவாரு. கடைசியா பார்த்தப்ப மட்டும் தலையாட்டல. எழுந்து போய்ப் படுத்துக்கிட்டாரு. மறுநாள்தான் கெளம்பிப் போனது."

கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடுகிறவர்களும் கேட்டார்கள், தொலைந்தவரும் கேட்டார். இரண்டு பேரும் ஒரே பக்கத்தை, ஒரே ஊரில் இருந்துகொண்டு, நல்ல தமிழில் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் அது இல்லை என்றது. அழுகை வந்தது எனக்கு. அதை மறைக்க முடியவில்லை, மறைக்கவும் நினைக்கவில்லை.

"அந்த வாக்கியமும் நான்தான் சொன்னது," என்றார் கோதண்டராமன் சார். அந்தப் பெருமை குரலில் இல்லை. பிறகு ஏதேதோ பேச ஆரம்பித்தார். தீபத்துக்கு ஊரெல்லாம் மைக் கட்டுகிறார்கள், அதில் சொல்லச் சொல்கிறேன், சாதுக்கள் படுக்கிற இடமெல்லாம் ஆள் அனுப்புகிறேன், போட்டோ ஒட்டுகிறேன் என்றார். தீபத்துக்கு வரப்போகும் கூட்டத்தில் வாய் பேசாத ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் திருவண்ணாமலையில்தான் இருக்கிறார் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. எந்த பஸ்ஸில் யார் ஏற்றிவிட்டார்களோ.

பூஜா அழுதுகொண்டிருந்தாள். தனம் அழவில்லை. சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நான் எழுதிக் குடுத்தது அதுல இருக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

தேடுகிறவர்கள் பகுதியைத் திறந்து பெயரைப் போட்டேன். உடனே வந்தது. பரசுராமன். தேடுபவர்: மனைவி தனம், கீழ்பென்னாத்தூர். பதிவு செய்த தேதி, பௌர்ணமிக்கு மறுநாள். பூஜாவின் போன் நம்பர். ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

தனத்துக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மெதுவாக முழுவதும் படித்தார்.

"அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்க மாட்டாரு பாப்பா," என்றார். "அவருக்குக் கோவமே வராது. படுத்ததுலேருந்தே, உனக்குப் பாரமா இருக்கேன்னு கையக் காட்டிக் காட்டி அழுவாரு. நான் வேணும்னேதான் வுட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சிருப்பாரு. சரி, அவ நிம்மதியா இருக்கட்டும்னுதான் வூட்டுப் பக்கம் வராம போயிருப்பாரு."

நான் அப்படியெல்லாம் இருக்காதும்மா என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. பரசுராமனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் தனம்தான்.